நான்கு கிலோமீட்டர் தொலைவில் பறவைக் காய்ச்சல்: வீட்டுக் கிளியை எப்படிக் காப்பது?

கேரளத்தின் சங்கனாச்சேரியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கேள்வி இது. அவர்கள் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் ஒரு வாத்துப் பண்ணையில் பறவைக் காய்ச்சல் உறுதியாகியிருக்கிறது. வீட்டில் பதினோரு வயதான ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றும், இரண்டு காக்டெயில் (cockatiel) கிளிகளும், பால்கனிக் கூண்டில் ஆறு லவ் பேர்ட்ஸும் இருக்கின்றன. பக்கத்து வீட்டார் நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். “அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்களா? இன்றிரவே காரில் ஏற்றிக் குமுளி வழியாகக் கம்பத்தில் இருக்கும் அக்கா வீட்டில் விட்டுவிடலாமா?” என்று கேட்கிறார்கள்.

கொண்டுபோகாதீர்கள். உங்கள் பறவைகள் பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன். நீங்கள் இருக்கும் இடத்தில் இன்றைக்கு அவற்றைக் கொல்லும் ஆணை இல்லை. வண்டியில் ஏற்றினால் இல்லாத ஆபத்தை நீங்களே தேடிக்கொள்வீர்கள்.

மத்திய அரசின் செயல்திட்டம் 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரை உள்ள பகுதி நோய் மண்டலம். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பு மண்டலம். பறவைகளைக் கொன்று அழிப்பது முதல் வட்டத்துக்குள் மட்டும். நான்கு கிலோமீட்டரில் இருக்கும் நீங்கள் இரண்டாவது வட்டத்தில் இருக்கிறீர்கள். இங்கே வாங்குவது, விற்பது, வெளியே கொண்டுசெல்வது ஆகியவற்றுக்குத் தடை உண்டு. வீடுவீடாக வந்து கணக்கெடுப்பார்கள், சில இடங்களில் மாதிரி எடுப்பார்கள். வீட்டுக்குள் இருக்கும் கிளியை அழிக்கக் கேட்டு யாரும் வர மாட்டார்கள்.

இதை அறிந்தபிறகும் பயம் போகாது, எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் கோழிக்கோடு மாவட்டத்தில் கொடியத்தூர், வேங்கேரி பகுதிகளில் நோய் வந்தபோது ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த வளர்ப்புப் பறவைகளும் அழிக்கப்பட்ட கணக்கில் சேர்ந்தன. பிள்ளைபோல் வளர்த்த கிளியைக் கொடுக்க மனமில்லாமல் பலர் வாசலில் நின்று வாதாடினார்கள். அந்தத் துயரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அரசு ஏன் நலமாகத் தெரியும் பறவையைக்கூட நம்ப மறுக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கடுமைக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது, அது கிளிகளிடமிருந்தே வந்தது. 1971இல் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் கோழிகளுக்கு நியூகாசில் நோய் பரவியது. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் என்று சொல்கிறோமே, அதன் மிகக் கொடிய வகை. வெளிநாட்டிலிருந்து செல்லப்பறவை வணிகத்துக்காக இறக்குமதியான கிளிகளோடு அந்தக் கிருமி வந்து சேர்ந்தது. சுமார் 1 கோடியே 20 லட்சம் பறவைகளை அழித்தபிறகே, 1974இல், நோய் ஒழிந்தது. சில கிளி இனங்கள் நோயின் அறிகுறி எதையும் காட்டாமல் ஓராண்டுக்கு மேலாகவும் அந்தக் கிருமியை எச்சத்தில் விட்டு விட்டு வெளியேற்றக்கூடியவை. “என் கிளி நன்றாகத்தான் இருக்கிறது” என்ற சொல்லை அதிகாரிகள் ஏற்கத் தயங்குவது ஏன் என்பது இந்த அனுபவத்திலிருந்து புரியும்.

அதே கலிபோர்னியாவில் 2002 அக்டோபரில் அந்த நோய் திரும்பி வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வீட்டுக் கொல்லைகளில் வளர்த்த சண்டைச்சேவல்களில் தொடங்கி, பெரிய முட்டைப் பண்ணைகளுக்குப் போய், நெவாடா, அரிசோனா மாநிலங்களுக்கும் தாவியது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. 2018இல் மூன்றாவது முறையாக வந்தபோதும் பறவைகள் கைமாறி வண்டியேறிப் போனதில் யூட்டா மாநிலம் வரை எட்டியது. பறவையை எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். தன்னுடைய பறவை மட்டும் நலமாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

இப்போது குமுளிப் பாதைக்கு வருகிறேன். கேரளத்தில் நோய் வந்துவிட்டால் தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச்சாவடிகளில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆட்கள் நிற்பார்கள். வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிப்பார்கள், கோழி, வாத்து, முட்டை, தீவனம் ஏற்றிய வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே கூண்டோடு பிடிபட்டால், 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தை மீறியவர் ஆவீர்கள். பறவைகளின் நிலை உங்கள் கையை விட்டுப் போய்விடும். பிடிபடாமல் போய்ச் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒருவேளை கிருமி கூண்டிலோ செருப்பிலோ ஒட்டியிருந்தால், கம்பம் பள்ளத்தாக்கின் கோழிகளுக்கு அதைக் கொண்டுசேர்த்தவர் நீங்களாகிவிடுவீர்கள். அக்கா வீட்டைச் சுற்றியும் ஒரு கிலோமீட்டர் வட்டம் விழும்.

சரி, வீட்டிலேயே இருந்து என்ன செய்வது? எல்லோரும் தங்கள் கூண்டைப் பற்றியே கேட்கிறார்கள். நான் முதலில் பக்கத்து வீட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வட்டம் உங்கள் கிளியை நடுவில் வைத்து வரையப்படுவதில்லை. நோய் கண்ட வாத்தையோ கோழியையோ நடுவில் வைத்தே வரையப்படுகிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் சாம்பல் கிளிக்கு இந்தக் கிருமி போய்ச் சேரும் வாய்ப்பு குறைவு. பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிகளோ நாள் முழுதும் வயலோரம், வாய்க்காலோரம் மேய்கின்றன. நெல்வயலும் நீர்நிலையுமாகக் கிடக்கும் பக்கத்துக் குட்டநாட்டின் நீரில் வாத்துகள் மேய்ந்த இடமெல்லாம் எச்சம் கிடக்கும். அந்தக் கோழிகளில் ஒன்று நோயுற்றால், உங்கள் வீடு முதல் வட்டத்தின் நடுவே வந்துவிடும். அதன்பிறகு உங்கள் கூண்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது எடுபடாது.

ஆகவே இன்று மாலையே அந்தச் சேட்டனிடமும் சேச்சியிடமும் போய் உட்கார்ந்து பேசுங்கள். குற்றம் சொல்லும் குரலில் வேண்டாம். கோழிகளை மூன்று நான்கு வாரம் அடைத்து வளர்க்க அவர்களுக்கு வலை வேண்டும், மேலே தார்ப்பாய் வேண்டும், அடைத்துப் போட்டால் தீவனச் செலவு கூடும். அந்தச் செலவில் பங்கெடுத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் வலையை நானே வாங்கிக் கட்டிக்கொடுத்துவிடுவேன். கிளிக்காகச் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து வேறில்லை. தெருவில் வேறு யாரெல்லாம் கோழி, வாத்து, காடை, புறா வைத்திருக்கிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது பால்கனி. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜிகளைப் பெரும்பாலும் பால்கனியில்தான் வைக்கிறோம். தினையும் கம்பும் கீழே சிதறும், அதைத் தேடிக் காகம், மைனா, புறா எல்லாம் வரும். 2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் இதே நோயால் காகங்கள் கூட்டமாகச் செத்து விழுந்தன. இரையின் உமியை ஊதிக் கொட்டும் வேளையில் காகம் கூண்டின்மேல் வந்து உட்காரும் அந்தக் காட்சிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறு பட்ஜிகளையும் இன்றே உள்ளறைக்கு மாற்றுங்கள். பட்ஜிகளும் சில சிட்டினப் பறவைகளும் இந்தக் கிருமிக்கு இரையாகும் என்று ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். சாம்பல் கிளி இருக்கும் அறையிலேயே அவற்றை வைக்க வேண்டாம். பால்கனியில் இருந்தவையும் வீட்டுக்குள் இருந்தவையும் மூன்று வாரமாவது தனித்தனியே இருக்கட்டும். கவனிக்கும்போது முதலில் கிளி, பிறகு காக்டெயில், கடைசியில் பட்ஜி என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

கூண்டு இருக்கும் அறைக்குள் ஒரே ஒருவர் மட்டும் போகட்டும். அவர் சந்தைக்கோ கோழிக்கடைக்கோ போகாதவராக இருந்தால் நல்லது. வெளிச்செருப்பு வாசற்படிக்கு வெளியிலேயே நிற்கட்டும், அறைக்கென்று ஒரு செருப்பும் ஒரு பழைய சட்டையும் தனியாக இருக்கட்டும். கிருமி பெரும்பாலும் எச்சத்தின் வழியாகத்தான் பயணம் செய்கிறது, அந்த எச்சம் பெரும்பாலும் செருப்பின் அடியில்தான் ஒட்டி வருகிறது. பறவை எச்சத்தில், பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 கிருமி 37 டிகிரி வெப்பத்தில் ஆறு நாள்வரை உயிரோடு இருந்ததாகப் பதிவு உண்டு. குளிர்ந்த இடத்தில், 4 டிகிரியில், ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கும். ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. இந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பு உறை இருப்பதால் சாதாரண சோப்பே அதைக் குலைத்துவிடும். பிளீச்சிங் பவுடரை எச்சத்தின்மேல் அப்படியே தூவினால் பயன் குறைவு, அழுக்கு அதன் வீரியத்தை விழுங்கிவிடும். முதலில் சுரண்டி, சோப்பு நீரில் கழுவி, அதன்பிறகுதான் பிளீச்சிங் கரைசல். அந்த வேலையைப் பறவை இல்லாத இடத்தில் செய்து, நன்றாகக் காய்ந்து வாடை போனபிறகே கூண்டை உள்ளே கொண்டுவர வேண்டும்.

தீவனத்தை ஒரு மாதத்துக்கு வாங்கி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். மொட்டைமாடியில் பாய் விரித்துத் தினை உலர்த்துவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை கொடுப்பவராக இருந்தால் வீட்டு மரத்தில் பறித்ததையும் நன்றாக அலசிக் கொடுங்கள், மரத்தில் காகம் உட்காராமல் இருக்காது. வாய்க்கால் நீர், திறந்த கிணற்று நீர் வேண்டாம். கொதிக்கவைத்து ஆற்றிய நீர் போதும். பறவை வளர்க்கும் நண்பர்கள் கூட்டமாக வந்து பார்ப்பது, இணை சேர்க்கப் பறவையைக் கடன் கொடுப்பது, புதுப் பறவை வாங்குவது எல்லாம் நிற்கட்டும். அக்காவையும் இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் வீட்டிலும் கோழி இருந்தால் கண்டிப்பாக.

வீட்டுக்குள் மாற்றும்போது பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பறவைக் காய்ச்சலுக்குத் தப்பிய பறவைகள் இதில் சாகின்றன. சமையலறைக்கு அடுத்த இடத்தில் கூண்டை வைத்துவிடுகிறார்கள். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல் அளவுக்கு மீறிக் காய்ந்தால் அதிலிருந்து வரும் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. பறவையின் நுரையீரலும் காற்றுப்பைகளும் நம்முடையவற்றைவிட மிக நுட்பமாகக் காற்றை உறிஞ்சுகின்றன. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, பினாயில் நெடி, ஃபார்மலின் கொண்டு அறையைப் புகையூட்டுவது ஆகியவையும் ஆகாது. “கிருமி போகட்டும்” என்று சாம்பிராணி போடும் பாட்டிமார் வீட்டில் இருந்தால் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

சாம்பல் கிளிக்கு இன்னொரு கவலை உண்டு. அது சுண்ணாம்புச் சத்துக் குறைவுக்குப் பேர்போன இனம். அந்தச் சத்து உடலில் சேர நேரடிச் சூரிய ஒளி வேண்டும், கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்கு உதவாது. கொசுவலை அடித்த ஜன்னலைத் திறந்து, மேலே சன்ஷேடு இருக்கும் பக்கமாகப் பார்த்து, காலை வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். மேலிருந்து எச்சம் விழாத இடமாக அது இருக்க வேண்டும். கூண்டில் கணவாய் ஓடு ஒன்றும் தொங்கட்டும். இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த சாம்பல் கிளிக்கு வலிப்பு வரும். பறவைக் காய்ச்சலிலும் நரம்பு பாதித்து வலிப்பு வரும், கழுத்து திருகும். கண்காணிப்பு மண்டலத்துக்குள் கிளி வலிப்பில் துடித்தால் என்ன நோய் என்று வெளிப்பார்வையில் யாராலும் சொல்ல முடியாது. முட்டை அடைத்துக்கொண்ட காக்டெயில் சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான் தெரியும். தவிர்க்கக்கூடிய நோய்களை இந்த வாரங்களில் தவிர்ப்பதும் பாதுகாப்பில் சேர்ந்ததே.

பறவை சோர்ந்தால், பச்சையாக நீர்போல் கழிந்தால், மூச்சுக்கு வால் ஏறி இறங்கினால், மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். முதலில் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், காணொளி எடுத்து அனுப்புங்கள். திடீரென்று செத்துவிட்டால் தோட்டத்தில் புதைத்துவிட்டு மௌனமாக இருக்காதீர்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி, அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். தெரிவிப்பது சட்டக் கடமை. அதைவிட முக்கியம், வீட்டில் குழந்தை இருக்கலாம். 2021 ஜூலையில் டெல்லியில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் எச்5என்1 தொற்றால் இறந்தான். மனிதருக்கு அரிதாகவே வரும், வந்தால் கடுமையாக இருக்கும். இந்த நோய்க்கு வளர்ப்புப் பறவைகளுக்கான தடுப்பூசி இங்கே கிடையாது, மருந்தும் கிடையாது. மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் அதற்குப் பச்சைக் கோழிக்குடல் போடுவதை நிறுத்துங்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 2025இல் வீட்டுப் பூனைகளுக்கே இது வந்தது.

வட்டம் உங்கள் வீட்டை நெருங்கினால் என்ன செய்வது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிட்ட வளர்ப்புப் பறவைக்குத் தானாகக் கிடைக்கும் விலக்கு என்று எதுவும் நம் செயல்திட்டத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறை, பண்ணையோடு தொடர்பில்லாத பறவைகளுக்குச் சோதனையின் பேரில் தளர்வு தர இடம் வைத்திருந்தது. முழுக்க வீட்டுக்குள்ளேயே வாழும் பறவையைச் சோதித்து, தனிமையில் வைத்து, காத்திருந்து பார்க்கும் வழி இங்கேயும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது வரும்வரை, கேட்கக்கூடியவற்றைக் கேட்கலாம். அதைக் கேட்கும் இடம் வாசலில் பாதுகாப்பு உடையோடு நிற்கும் ஊழியர் அல்லர், அவர் ஆணையை நிறைவேற்ற வந்தவர். முன்கூட்டியே மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட கால்நடைப் பராமரிப்பு அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள். பறவைகள் வெளியே போகாதவை, இத்தனை நாளாக உள்ளறையில் இருக்கின்றன, தொண்டையிலும் கழிவாயிலும் மாதிரி எடுத்துப் போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம், முடிவு வரும்வரை வீட்டைப் பூட்டி வைக்கச் சம்மதம் என்று அதில் சொல்லுங்கள். வீட்டின் தூரத்தை அளந்து காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வட்டத்தின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு நூறு மீட்டர் பெரிய வித்தியாசம். இந்த விண்ணப்பம் ஏற்கப்படும் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது.

இதற்கெல்லாம் சான்று வேண்டும். இன்றிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எத்தனை பறவை, எப்படிச் சாப்பிட்டன, யார் உள்ளே போனார்கள், எப்போது உள்ளறைக்கு மாற்றினீர்கள். படமும் எடுத்து வையுங்கள். சாம்பல் கிளி அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் (CITES) முதல் பட்டியலில் இருக்கும் இனம். 2024இல் வந்த விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். இல்லையென்றால் உங்கள் விண்ணப்பத்தை யாரும் கவனமாகப் படிக்க மாட்டார்கள். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் அந்தப் பதிவு தேவையில்லை. நம் நாட்டுப் பச்சைக்கிளி யார் வீட்டிலாவது இருந்தால் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அவர்கள் வனத்துறையிடம்தான் போக வேண்டும்.

இழப்பீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். 2021இல் கேரள அரசு இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், அதற்குக் குறைந்த வயதுள்ளதற்கு 100 ரூபாயும், முட்டைக்கு 5 ரூபாயும் கொடுத்தது. அது பண்ணைக் கணக்கு. பதினோரு வருடம் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பறவைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

தடை நீங்கியது என்று அறிவிப்பு வந்தாலும் அன்றே பால்கனிக்கு ஓடாதீர்கள். கண்காணிப்பு சில மாதங்கள் நீளும். குட்டநாட்டில் 2024இல் அந்த ஆண்டின் இறுதிவரை புதிதாகக் கோழி, வாத்து வளர்க்கவே தடை போட்டார்கள். முதலில் பால்கனித் தரையையும் கம்பிகளையும் சோப்பு நீரில் கழுவி, பிளீச்சிங் கரைசல் அடித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுங்கள். காகம் வந்து உட்காராதபடி மேலே சிறுகண் வலையும் ஒரு தகடும் போட்டு மூடுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிகள் வெளியே விடப்பட்டு ஒரு வாரம் நலமாக மேய்கின்றனவா என்று பாருங்கள். அதன்பிறகு பட்ஜிக் கூண்டை வெளியே எடுத்துவந்து மாட்டுங்கள். சாம்பல் கிளி ஜன்னலோரமே இருக்கட்டும்.